கண்ணுக்குக் கீழே சுருக்கம்: கிரீமா, ஊசியா, லேசரா?

கேட்டவர் சொன்னது இதுதான். வயது 41. முன்பு சிரிக்கும்போது மட்டும் தெரிந்த கோடுகள் இப்போது சும்மா இருக்கும்போதும் கண்ணுக்குக் கீழே தெரிகின்றன. மூன்று மருத்துவர்களிடம் போனதில் ஒருவர் ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஊசி) என்றார், இன்னொருவர் லேசர் என்றார், மூன்றாமவர் ஒரு கிரீமை எழுதிக்கொடுத்து ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். இதில் எது சரி, எது வீண் செலவு? கூடவே ஒரு துணைக் கேள்வி: 24 வயதுத் தங்கை இப்போதே போடாக்ஸ் (தசையை அடக்கும் ஊசி) போட ஆரம்பித்தால் அவளுக்குப் பிற்காலத்தில் சுருக்கமே வராதா?

நான் தோல் மருத்துவர். இந்தக் கேள்வி வராத வாரம் எனக்குக் கிடையாது. உங்கள் முகத்தைப் பார்க்காமல் இது உங்களுக்குச் சரி, அது தப்பு என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. மூவருமே சரியாகப் பார்த்திருக்கவும் கூடும். ஃபில்லர் சொன்னவர் கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பார்த்திருப்பார், லேசர் சொன்னவர் தோலின் தரத்தைப் பார்த்திருப்பார். கையில் எந்தக் கருவி இருக்கிறதோ அதன் பக்கம் ஆலோசனை கொஞ்சம் சாயும் என்பதும் உண்மைதான், அதை மறைப்பதற்கில்லை. ஆகவே எது நல்ல சிகிச்சை என்று கேட்பதற்கு முன்னால், கண்ணுக்குக் கீழே இருப்பது என்ன என்று கேட்க வேண்டும். இந்த இடத்தில் ஒன்றுக்கான சிகிச்சை இன்னொன்றை மோசமாக்கும்.

நோயாளிகள் சுருக்கம் என்று விரலை வைத்துக் காட்டும் இடத்தில் நான் குறைந்தது நான்கு விஷயங்களைத் தேடுவேன். தசை அசையும்போது விழும் கோடுகள் ஒன்று. தோலே மெலிந்து, வறண்டு, கசங்கிய காகிதம் போல ஆகியிருப்பது இன்னொன்று. தோல் தளர்ந்து மிச்சமாகத் தொங்குவது மூன்றாவது. நான்காவது சுருக்கமே கிடையாது: கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு முன்னால் பிதுங்கியதால் வந்த பையும், அதன் கீழே விழும் பள்ளமும், அந்தப் பள்ளத்தின் நிழலும். நாற்பதைத் தாண்டிய பலருக்கு இந்த நான்கும் வெவ்வேறு அளவில் கலந்தே இருக்கும். எது அதிகம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதை ஓரளவு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முகம் கழுவி, எதையும் பூசாமல், பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஒரு கைக்கண்ணாடியோடு நில்லுங்கள். முதலில் முகத்தைத் தளர்வாக வைத்துப் பாருங்கள், அப்புறம் நன்றாகச் சிரித்துப் பாருங்கள். சிரித்தால் மட்டும் வரும் கோடு தசையின் வேலை. அடுத்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்துங்கள். கீழே உப்பல் இன்னும் எடுப்பாகத் தெரிந்தால் அது கொழுப்புப் பை. பிறகு சாதாரண மாய்ஸ்சரைசரை லேசாகத் தடவிப் பத்து நிமிடம் பொறுங்கள். கோடுகளில் பாதி மறைந்துவிட்டால் உங்கள் பிரச்சினையில் பெரும்பங்கு வறட்சி. கடைசியாக இரண்டு புகைப்படங்கள்: ஒன்று விளக்கு தலைக்கு மேலே இருக்கும்போது, மற்றது வெளிச்சம் நேராக முகத்தில் விழும்போது. முதல் படத்தில் இருந்த கருமையான வளைவு இரண்டாவதில் காணாமல் போனால் அது வெறும் நிழல். எந்தக் கிரீமும் நிழலை அழிக்காது.

நாங்கள் செய்யும் இன்னொரு சோதனையும் உண்டு. கீழ் இமையை விரலால் மெல்லக் கீழே இழுத்து விட்டுவிடுவோம். நல்ல இமை உடனே கண்ணோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஓரிரு நொடி தாமதித்தாலோ, கண் சிமிட்டிய பிறகுதான் ஒட்டியது என்றாலோ இமை தளர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இமையில் போடாக்ஸ், ஆழமான லேசர், தோலை வெட்டும் அறுவை சிகிச்சை எதுவானாலும் இமை கீழே இழுபடும் அபாயம் கூடும். மேலே சொன்ன மூன்று ஆலோசனைகளில் எங்காவது இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். செய்திருந்தால் அந்த மருத்துவர் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை கூடும்.

ஏன் இந்த இடத்தில் இவ்வளவு சீக்கிரம்? இமைத் தோல் சுமார் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், உடம்பிலேயே மெல்லிய தோல் அது. அடியில் கொழுப்பு மெத்தை கிட்டத்தட்ட இல்லை. தோலை உரித்தால் நேரே தசை. எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு. அந்தத் தசை கண்ணைச் சுற்றி வளையமாக ஓடி, சிமிட்டும்போதும் சிரிக்கும்போதும் கூசும்போதும் தோலை மடக்குகிறது. இளமையில் தோலைத் தாங்கும் புரதங்களான கொலாஜனும் எலாஸ்டினும் மடிப்பைத் திரும்ப நிமிர்த்திவிடும். அவை குறையக் குறைய மடிப்பு அங்கேயே தங்கிவிடுகிறது.

வயது தன் பங்குக்குக் குறைக்கும், அதைத் தடுக்க முடியாது. வெயில் குறைப்பதைத் தடுக்கலாம். புற ஊதாக் கதிர்களில் ஏ வகை தோலின் உள்ளடுக்கு வரை இறங்கி, கொலாஜனை அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடியும் அதை முழுதாக நிறுத்தாது. 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்த படம் எங்கள் துறையில் பிரசித்தம்: 28 ஆண்டுகள் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயதுக்காரரின் முகம். ஜன்னல் பக்கம் இருந்த இடக் கன்னமும் இமையும் தடித்துத் தொங்கி, ஆழமாகச் சுருங்கியிருந்தன. வலப் பக்கம் பல வருடம் இளமையாக இருந்தது. ஒரே ஆள், ஒரே மரபணு, ஒரே சாப்பாடு. இது ஒரு தனி நபரின் படம்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை வைத்து நாலரை ஆண்டுகள் நடத்திய சோதனை 2013இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களுக்குத் தோல் முதுமை மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு என்று அதில் கண்டார்கள். ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்: அவர்கள் அளந்தது புறங்கைத் தோலை, கண்ணடியை அல்ல. கண்ணடிக்கும் பொருந்தும் என்று நம்பக் காரணம் இருக்கிறது, ஆனால் அது அனுமானம்.

சன்ஸ்கிரீன் கண்ணில் எரிகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் புகார். துத்தநாக ஆக்ஸைடு உள்ள வகை பெரும்பாலும் எரியாது; குச்சி வடிவில் வருவது வியர்வையில் கண்ணுக்குள் வழிவதும் குறைவு. எஸ்.பி.எஃப் 30 போதும், ஆனால் ஏ வகைக் கதிரையும் தடுக்கும் என்று உறையில் இருக்க வேண்டும். அதோடு பக்கவாட்டிலும் மறைக்கிற அகலமான குளிர்கண்ணாடி. அது வெயிலையும் தடுக்கும், கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் குறைக்கும். இரண்டாவது லாபத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் வயதைப் பார்த்து இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது: போனில் படிக்கும்போது கையைத் தள்ளி வைத்துக் கண்ணை இடுக்குகிறீர்களா? நாற்பதில் அருகில் இருப்பது மங்கலாகத் தெரிவது சகஜம். படிப்பதற்கு ஒரு கண்ணாடி வாங்கிக்கொள்வது எந்த ஊசியையும்விட மலிவான சிகிச்சை.

ஒவ்வாமையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள் முதலில் அரிப்புக்கு மருந்து எடுக்க வேண்டும். அவர்களில் சிலருக்குச் சிறு வயதிலிருந்தே கீழ் இமைக்கு அடியில் ஒன்றிரண்டு கூடுதல் மடிப்புகள் இருக்கும். அது முதுமை அல்ல, ஒவ்வாமைத் தோலின் அடையாளம். புகைபிடிப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிடித்துக்கொண்டே சிகிச்சை செய்வது காசைக் கரியாக்குவது.

இனி கிரீம். மூன்றாவது மருத்துவர் எழுதிக்கொடுத்தது ட்ரெட்டினாயின் என்றே நினைக்கிறேன். பூசும் மருந்துகளில் நுண்ணிய சுருக்கத்துக்கு இவ்வளவு ஆதாரம் உள்ள வேறொன்று கிடையாது. வைட்டமின் ஏ அமிலம் அது. 1971இல் அமெரிக்காவில் முகப்பருவுக்காக அனுமதிக்கப்பட்டது. பருவுக்காகப் பூசிய நடுவயதுப் பெண்கள் தோல் வழவழப்பானதாகச் சொன்னதை ஆல்பர்ட் கிளிக்மேன் என்ற தோல் மருத்துவர் பிடித்துக்கொண்டார். 1986இல் அவரும் சகாக்களும் வெயிலில் முதிர்ந்த தோலில் அதன் விளைவைப் பற்றி எழுதினார்கள். 1995இல் 0.05 சதவீத கிரீம் நுண்சுருக்கங்களுக்கென்றே அனுமதி பெற்றது. புதிய கொலாஜன் உருவாவதைத் தூண்டுகிறது, பழையதை அரிக்கும் நொதிகளை அடக்குகிறது. இவ்வளவும் உறுதியாகச் சொல்லலாம். எவ்வளவு மாற்றம் வரும் என்பதில்தான் ஏமாற்றம் வருகிறது. நுண்கோடுகள் மென்மையாகும், தோலின் நிறம் ஒரு சீராகும். ஆழமான மடிப்பு போகாது. தொங்கும் தோல் ஏறாது. கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு மூன்று நான்கு மாதமாவது ஆகும், ஆறு மாதத்துக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை.

இதைப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் பூசிய விதத்தால்தான் விட்டிருக்கிறார்கள். கண்ணடிக்கு 0.025 சதவீதத்தில் ஆரம்பிப்பது போதும். வாரத்துக்கு இரண்டு இரவுகள். முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அரிசி மணி அளவு மருந்து. அதையும் இமை விளிம்பில் அல்ல, விரலால் தடவினால் தட்டுப்படும் கண்குழியின் எலும்பு ஓரத்தில் வைத்துப் பரப்ப வேண்டும். தூக்கத்தில் அது தானாகவே கொஞ்சம் மேலே நகரும். முதல் சில வாரங்கள் வறண்டு, லேசாக உரிந்து, கோடுகள் முன்பைவிட அதிகமாகத் தெரியும். இங்கேதான் பலர் "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்துகிறார்கள். லேசான உரிதல் என்றால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு தொடரலாம். சிவந்து எரிந்தால் நிறுத்தியே ஆக வேண்டும், ஏனெனில் மாநிறத்திலும் கருநிறத்திலும் ஒவ்வொரு எரிச்சலும் கருமையை விட்டுச் செல்லக்கூடும். சுருக்கத்துக்கு மருந்து பூசிக் கருவளையத்தை வாங்கிக்கொண்ட கதையாகிவிடும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் இதைத் தொடக் கூடாது. கண் வறட்சி உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. இதே குடும்பத்து மாத்திரை இமை விளிம்பின் எண்ணெய்ச் சுரப்பிகளைப் பாதிக்கும் என்பது தெரிந்த விஷயம். பூசும் மருந்து எவ்வளவு பாதிக்கும் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கும் ரெட்டினால் இதன் சாதுவான உறவு. தோலுக்குள் போய்ப் படிப்படியாக அதே அமிலமாக மாறுகிறது, அதனால் எரிச்சலும் குறைவு, பலனும் குறைவு, காத்திருப்பு இன்னும் அதிகம். ட்ரெட்டினாயினைத் தாங்காத தோலுக்கு நல்ல மாற்று.

மற்றக் கண் கிரீம்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. பெரும்பாலானவை சிறிய டப்பாவில் வரும் மாய்ஸ்சரைசர். மாய்ஸ்சரைசர் நல்லதுதான், வறட்சிக் கோடுகளை அன்றைக்கு நிரவும். நறுமணம் சேர்க்காத சாதாரண முகக் கிரீமும் அதைச் செய்யும். பூசிய ஐந்து நிமிடத்தில் பை மறையும் என்று காணொளியில் காட்டும் வகைகள் தோல் மேல் ஒரு படலமாகக் காய்ந்து இழுத்துப் பிடிக்கின்றன. முகம் கழுவினால் கதை முடிந்தது. கஃபீன் காலை வீக்கத்தைக் கொஞ்ச நேரம் வற்றவைக்கலாம். புரதத் துணுக்குகளான பெப்டைடுகளுக்குச் சிறிய ஆய்வுகள் உண்டு, அவற்றில் பலவற்றைத் தயாரிப்பாளர்களே நடத்தியிருக்கிறார்கள். வைட்டமின் சி காகிதத்தில் நன்றாக இருக்கிறது, புட்டியில் சீக்கிரம் கெட்டுப்போகிறது, கண்ணருகே எரிகிறது. கொலாஜன் மாத்திரை குறிப்பாகக் கண்ணடிச் சுருக்கத்தை மாற்றும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. எலுமிச்சைச் சாறு போன்றவற்றைக் கண்ணருகே கொண்டுபோகவே வேண்டாம்.

ஒரே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். நிறத்தை வெளுக்க வைக்கும் கலவைக் கிரீம்களில் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. முதல் மாதம் தோல் பளபளக்கும். பிறகு ஏற்கெனவே மெல்லிய இமைத் தோல் இன்னும் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிய ஆரம்பித்து, சுருக்கம் கூடும். நீண்ட நாள் கண்ணருகே பூசினால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். உறையில் என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் அந்த இடத்தில் பூசாதீர்கள்.

போடாக்ஸ் எனப்படும் பொட்டுலினம் நச்சு தசைக்கு நரம்பிலிருந்து வரும் கட்டளையைத் தற்காலிகமாக நிறுத்துகிறது. இது அழகுக்கு வந்ததே கண் மருத்துவத்தின் வழியாகத்தான். மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. 1987இல் கனடாவில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் நெற்றிச் சுளிப்பு மறைந்ததைக் கவனித்துச் சொல்ல, ஜீனும் தோல் மருத்துவரான அவர் கணவரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1992இல் எழுதினார்கள். கண்ணின் வெளி ஓரத்தில் விசிறி போல விரியும் கோடுகளுக்கு 2013இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது: இரண்டு பக்கமும் சேர்த்து 24 யூனிட். சில நாளில் வேலை செய்ய ஆரம்பிக்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன், மூன்று நான்கு மாதத்தில் கலைந்துவிடும். அந்த வெளி ஓரக் கோடுகளுக்கு இதைவிட நம்பகமான ஒன்று இல்லை.

ஆனால் நீங்கள் கேட்டது கண்ணுக்கு நேர் கீழே. அங்கே போடுவது அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டுக்கு வெளியே. அனுபவமுள்ளவர்கள் மிகச் சிறிய அளவில் போடுகிறார்கள், சிரிக்கும்போது இமைக்கு அடியில் திரளும் சதை குறைகிறது. அளவு கொஞ்சம் மிஞ்சினால் கீழ் இமை தளர்ந்து வெள்ளை விழி கூடுதலாகத் தெரியும், கண் காயும், கொழுப்புப் பை இருந்தால் அதைத் தாங்கிக்கொண்டிருந்த தசையும் விட்டுக்கொடுத்துவிடுவதால் பை பெரிதாகத் தெரியும். தசைக் களைப்பு நோயான மயஸ்தீனியா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். சும்மா இருக்கும்போதே தெரியும் நுண்கோடுகளுக்கு இது பெரிதாக உதவாது.

ஃபில்லர் விஷயத்தில் என் நிலை தெளிவானது: நுண்சுருக்கத்துக்காகக் கண்ணடியில் ஃபில்லர் போடாதீர்கள். ஹையலுரானிக் அமில ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும் பொருள். பள்ளம் மட்டும் பிரச்சினையாக இருந்து, தோல் ஓரளவு தடிமனாகவும் இமை இறுக்கமாகவும் இருப்பவருக்கு அழகாக வேலை செய்யும். அமெரிக்காவில் 2022இல் ஒரு வகைக்கு அந்தப் பள்ளத்துக்கென்றே அனுமதியும் கிடைத்தது. ஆனால் மெல்லிய தோலுக்கு அடியில் மேலாகப் போட்டால் நீலம் பாய்ந்தது போலத் தெரியும். அது தண்ணீரை இழுக்கும் பொருள் என்பதால், காலையில் கண் வீங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு வீக்கம் நிலைத்துவிடலாம், சில சமயம் பல மாதம் கழித்துக்கூட வரும். கன்ன எலும்பின் மேல் ஏற்கெனவே மெத்தென்ற உப்பல் இருந்தால் அங்கே ஃபில்லர் வம்பு. நல்ல செய்தி, ஹையலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் செலுத்தி அதைக் கரைத்துவிடலாம். கெட்ட செய்தி, ஃபில்லர் இரத்தக் குழாய்க்குள் நுழைந்து விழித்திரைக்குப் போகும் இரத்தத்தை அடைத்தால் பார்வை போகலாம். அது மிக அரிது. ஆனால் நடந்தால் பார்வையை மீட்பதற்கு நம்பகமான வழி இல்லை. இந்த ஒரு வரியைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குபவரிடம் போட்டுக்கொள்ளாதீர்கள்.

லேசர் தோலின் தரத்தையே மாற்றுகிறது, ஆகவே கசங்கிய காகிதம் போன்ற தோலுக்கு நியாயமான சிகிச்சை அது. கார்பன் டை ஆக்ஸைடு லேசரும் எர்பியம் லேசரும் தோலிலுள்ள நீரைச் சூடாக்கி மேலடுக்கை ஆவியாக்குகின்றன. ஆறும்போது புதிய கொலாஜன் உருவாகித் தோல் இறுகுகிறது. முழுப் பரப்பையும் உரிக்கும் பழைய முறையில் பலன் மிக அதிகம், விலையும் அதிகம்: ஒன்றிரண்டு வாரம் வெளியே தலைகாட்ட முடியாது, சிவப்பு மாதக்கணக்கில் நிற்கலாம், கருத்த தோலில் கருமை படியும் வாய்ப்பு கணிசம். 2004இல் வந்த ஃப்ராக்ஷனல் முறை நுண்புள்ளிகளாக மட்டும் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைக்கிறது. ஆறுவது வேகம், பலனும் அதற்கேற்பக் குறைவு, பல அமர்வுகள் தேவைப்படும். மாநிறத்துக்கு மேல் இருந்தால் குறைந்த சக்தியில், நிதானமாக, முன்னும் பின்னும் வெயில் படாமல் செய்ய வேண்டும். போவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: என் நிறத்தில் இருப்பவர்களுக்குச் செய்த படங்களைக் காட்டுவீர்களா, கருமை படிந்தால் என்ன செய்வீர்கள், கண்ணுக்குள் உலோகக் கவசம் வைப்பீர்களா? கண்குழி எலும்புக்கு உள்ளே லேசர் அடிப்பதென்றால் வெளியே வைக்கும் மூடி போதாது. வாயோரத்தில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அமிலம் பூசி உரிக்கும் பீல்களுக்கும் இதே லாப நட்டக் கணக்குதான். லேசான பீல் நிறத்துக்கு உதவும், சுருக்கத்துக்கு அவ்வளவாக இல்லை.

ரேடியோ அலைக் கருவிகள், நுண்ணூசி, சொந்த இரத்தத்திலிருந்து பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஆகியவற்றைச் சந்தேகக் கணக்கில் வைக்கிறேன். சிறிய ஆய்வுகள் சாதகமாக இருக்கின்றன. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் செய்முறை வேறு, அளவுகோல் வேறு. பி.ஆர்.பி. போட்டுக்கொண்டு மகிழ்ச்சியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய முன்பின் படங்களை ஒரே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் பல சமயம் வித்தியாசம் தெரிவதில்லை. வீட்டில் உருட்டும் கல், ஒளி முகமூடி எல்லாம் பிடித்திருந்தால் செய்யலாம், எதிர்பார்ப்பைக் கீழே வைத்துக்கொண்டு.

அறுவை சிகிச்சை என் கைத்தொழில் அல்ல, அதனால் எல்லையோடு பேசுகிறேன். கொழுப்புப் பைக்கும் தொங்கும் தோலுக்கும் நிரந்தரத்துக்குப் பக்கத்தில் வரும் தீர்வு அது ஒன்றுதான். இமையின் உட்புறம் வழியாகக் கொழுப்பை எடுக்கலாம் அல்லது பள்ளத்துக்குள் நகர்த்தி வைக்கலாம், வெளியே தழும்பு இராது. மிச்சத் தோலை எடுக்க வேண்டுமென்றால் இமை முடிக்குக் கீழே சின்னக் கீறல். ஆனால் தோலின் கசங்கலை அறுவை சிகிச்சை மாற்றாது, அதற்குத் தனியாக லேசரோ கிரீமோ வேண்டும். தோலை அதிகமாக எடுத்தால் இமை கீழே இழுபட்டுக் கண் மூடாமல் போகலாம். செய்த அன்றோ மறுநாளோ கடும் வலியோடு பார்வை மங்கினால் அது கண்ணுக்குப் பின்னால் இரத்தக் கசிவாக இருக்கலாம். மிக அரிது, ஆனால் காலைவரை காத்திருக்கக் கூடாத அவசரம். இமை அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற கண் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோதான் போக வேண்டும்.

சில சமயம் சிக்கல் அழகுப் பிரச்சினையே அல்ல. தினமும் காலையில் இரண்டு கண்ணும் வீங்கிக் காலும் வீங்கினால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். கண் முன்னே தள்ளிக்கொண்டு வந்தால் தைராய்டு. கண் அழுத்தத்துக்குப் போடும் சில சொட்டு மருந்துகளும், அதே வகைப் பொருள் கலந்த இமைமுடி வளர்க்கும் சீரங்களும் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பை வற்றவைத்துக் குழியாக்கும். சீரம் என்றால் நிறுத்தினால் பெரும்பாலும் ஓரளவு மீளும்; சொட்டு மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 41 வயதில், சும்மா இருக்கும்போதே நுண்கோடுகள், பையோ பள்ளமோ பெரிதாக இல்லை என்று எடுத்துக்கொண்டால், நான் மூன்றாவது மருத்துவர் பக்கம். ட்ரெட்டினாயின், சன்ஸ்கிரீன், குளிர்கண்ணாடி, தேவையானால் படிக்கும் கண்ணாடி. இன்றைக்கே ஜன்னலோரத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள், ஆறு மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் இன்னொன்று. வெளி ஓரக் கோடுகள் உறுத்தினால் போடாக்ஸை நடுவிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆறு மாதமும் சரியாகப் பூசிய பிறகும் தோல் கசங்கியே இருந்தால் அப்போது லேசர் சொன்னவரிடம் போங்கள், மேலே சொன்ன கேள்விகளோடு. அந்த இரண்டு படச் சோதனையில் நிழல்தான் பிரச்சினை என்று தெரிந்தால் மட்டும் ஃபில்லர் பேச்சை எடுங்கள்.

தங்கை விஷயம். தசையை வருடக்கணக்கில் அடக்கி வைத்தால் அந்த இடத்தில் நிலைத்த கோடு தாமதமாகும் என்பது நம்பத்தக்க யோசனைதான். ஒரே அச்சான இரட்டைச் சகோதரிகளில் ஒருவர் 13 ஆண்டுகள் தொடர்ந்து போட்டுக்கொண்டதையும் மற்றவர் எப்போதாவது மட்டும் போட்டுக்கொண்டதையும் ஒப்பிட்டு 2006இல் ஓர் அறிக்கை வந்தது. தொடர்ந்து போட்டவருக்குக் கோடுகள் குறைவாக இருந்தன. ஆனால் அது ஒரே ஒரு ஜோடி. அதுவும் அசைவுக் கோடுகளுக்குத்தான். வெயிலும் வயதும் மெலியவைக்கும் தோலைப் போடாக்ஸ் காக்காது. 24 வயதில் சிரித்து முடித்ததும் கோடு முழுசாக மறைகிறது என்றால் ஊசிக்கு அங்கே வேலையில்லை. அவள் சன்ஸ்கிரீனை ஒழுங்காகப் பூசட்டும், கண் அரிப்பு இருந்தால் அதற்கு மருந்து எடுக்கட்டும், மேக்கப்பைத் துடைக்கும்போது கண்ணை அழுத்தித் தேய்க்காமல் இருக்கட்டும். சிரித்து முடித்த பிறகும் கோடு தங்கத் தொடங்கினால் அப்போது வந்து பேசச் சொல்லுங்கள்.